"ஆதலால்" என்னும் இணைப்பு: 45-ஆம் திருப்பாடலில் நீதியும் எண்ணெய்ப்பூச்சும்

விவிலியத் திருப்பாடல்களுள் 45-ஆவது பாடல் ஏனையவற்றினின்றும் வேறுபட்ட இயல்பினது. ஏனைய பாடல்கள் பெரும்பாலும் கடவுளை நோக்கிய வேண்டுதலாகவோ புகழ்ச்சியாகவோ அமைய, இது ஓர் அரசனை முன்னிலைப்படுத்தி, அவனுடைய திருமண நாளில் அவைப்புலவன் ஒருவன் பாடிய வாழ்த்தாக அமைந்துள்ளது. அரசனின் எழிலையும் போர்த்திறத்தையும் அரியணையையும் பாடிவரும் புலவன் 7-ஆம் வசனத்தில் இரு செய்திகளைக் கூறுகிறான். அரசன் நீதியை நேசித்துத் தீமையை வெறுத்தான் என்பது ஒன்று. அவனுடைய கடவுள் அவனை அவன் தோழர்களினும் மேலாக மகிழ்ச்சியின் எண்ணெயால் பூசினார் என்பது மற்றொன்று. இவ்விரண்டையும் பிணைப்பது "ஆதலால்" என்னும் ஓர் இணைப்புச்சொல். எபிரேயத்தில் அது "அல்-கேன்", கிரேக்கத்தில் "தியா தூத்தோ", இலத்தீனில் "ப்ரொப்தெரெயா".

இவ்வசனத்தின் பொருள் பற்றி எழுந்த வழக்குகளுள் பெரும்பாலானவை அச்சிறு சொல்லைச் சுற்றியே எழுந்தன. நீதி காரணமாகவும் எண்ணெய்ப்பூச்சு அதன் விளைவாகவும் இருப்பின், நீதி தவறிய அரசனுக்கு அப்பூச்சு நிலைக்குமா என்னும் வினா எழும். அப்பூச்சே முதன்மையானது எனின், அதனைப் பெற்றவனை நீதியின் பெயரால் எவரும் வினவ இயலுமா என்னும் எதிர்வினா எழும். முதலாவது அரசர்களை அஞ்சவைத்த வினா. இரண்டாவது அரசர்கள் விரும்பிய வினா. இடைக்கால ஐரோப்பாவில் இவை ஏட்டளவில் நில்லாமல், ஒரு பேரரசனையும் ஒரு திருத்தந்தையையும் எதிரெதிரே நிறுத்தின.

அவைப்புலவனும் அவன் அரசனும்

பாடலுக்குரிய அரசன் யாவன் என்பதில் ஆய்வாளரிடையே ஒருமித்த கருத்து இல்லை. எகிப்து மன்னன் மகளை மணந்த சாலமோனே அவன் என்பது பழைய கருத்து. தீர் நகரத்து மகள் பற்றிய குறிப்பையும் தந்த மாளிகைகள் பற்றிய குறிப்பையும் கொண்டு, பெனிசிய இளவரசி ஈசபேலை மணந்த வடநாட்டரசன் ஆகாபே என்றனர் சிலர். ஆகாப் தந்தத்தால் இழைத்த மாளிகை கட்டினான் என்று அரசர் நூல் கூறுவதும், சமாரியாவில் 1931-க்கும் 1935-க்கும் இடையே நடந்த அகழாய்வில் செதுக்கிய தந்தத் துண்டுகள் மிகுதியாகக் கிடைத்ததும் இக்கருத்துக்குத் துணையாகக் காட்டப்படும். ஆகாபின் குடியில் பிறந்த அத்தலியாவை மணந்த யூதா அரசன் யோராமே பாட்டுடைத் தலைவன் என்பது 19-ஆம் நூற்றாண்டின் செருமானிய அறிஞர் பிரான்சு தெலிச்சின் முடிபு. இவற்றுள் எதனையும் ஐயமற நிறுவுவதற்குப் போதிய சான்று பாடலுக்குள் இல்லை.

ஆயினும் இப்பெயர்களை நினைவில் கொள்ளுதல் தகும். ஆகாப் நாபோத்தின் திராட்சைத் தோட்டத்தைக் கவர்வதற்கு அவன் கொலையுண்ண இடந்தந்தவன். யோராமோ அரியணை ஏறியதும் தன் உடன்பிறந்தார் அனைவரையும் வாளுக்கு இரையாக்கினான் என்று குறிப்பேடு கூறுகிறது. தோழர்களினும் மேலாக உயர்த்தப்பட்டவன் என்னும் புகழ்மொழி அவன் முன்னிலையில் பாடப்பட்டிருப்பின், அவையில் இருந்தோர் அதனை எவ்வாறு செவிமடுத்திருப்பர் என்று எண்ணிப் பார்க்கலாம்.

ஆகவே, அரசன் நீதியை நேசித்தான் என்பது வரலாற்றுச் செய்தியாகாது. புகழ்ச்சியின் வடிவில் அமைந்த எதிர்பார்ப்பு எனக் கொள்வதே பொருந்தும். தமிழ் மரபில் பயின்றோர்க்கு இது புதியதன்று. பாடாண் திணையின் துறைகளுள் ஒன்றாகிய செவியறிவுறூஉவில் புலவன் அரசனுக்கு நெறி உணர்த்துகிறான். பாண்டியன் அறிவுடைநம்பியிடம் பிசிராந்தையார் வயலில் புகுந்த யானையைக் காட்டி வரி கொள்ளும் முறையை உணர்த்தியது அத்துறைக்கு நன்கறிந்த எடுத்துக்காட்டு. எபிரேயப் புலவன் இவ்வாறு வெளிப்படையாக அறிவுரை கூறவில்லை. அரசன் ஏற்கெனவே அவ்வாறே ஒழுகுகிறான் என்று பாடி, அவ்வொழுக்கத்திலிருந்து அவன் விலகுவதை அரிதாக்குகிறான். "ஆதலால்" என்னும் சொல் இங்கு அரசனுக்கு இடப்பட்ட மெல்லிய தளை.

இதற்கு முந்திய வசனத்தில் வரும் அரசுக்கோலும் கருதத்தக்கது. எபிரேயத்தில் "மீஷோர்" என்பது மேடுபள்ளமற்ற நிலம், கோணாமை, நேர்மை ஆகியவற்றைக் குறிக்கும் சொல்; அரசனின் கோல் அத்தகைய நேரிய கோல் என்கிறது பாடல். இதனைத் தமிழாக்கியோர் செங்கோல் என்னும் சொல்லைக் கையாண்டு, அதனை நீதியுள்ள செங்கோல் என்றும் அடைகொடுத்தனர். செம்மை செங்கோலுக்குள்ளேயே அடங்கியிருத்தலின் இது கூறியது கூறலாகிறது. எனினும் செங்கோன்மை, கொடுங்கோன்மை என அரசியலை இரு கோல்களால் பகுத்த மொழிக்கு எபிரேயப் புலவனின் கருத்து மொழிபெயர்ப்பின்றியே விளங்கும் என்பதற்கு இப்பிழையே சான்றாகிறது.

"நீதி" என்று பெயர்க்கப்பட்ட "செதெக்" வழக்குத் தீர்க்கும் செயலோடு இறுகப் பிணைந்த சொல். 72-ஆம் திருப்பாடல் அரசனிடம் எதிர்பார்ப்பது எளியவர்க்குத் தீர்ப்பு வழங்குவதையும் ஒடுக்குவோரை நொறுக்குவதையும் ஆகும். உள்ளத் தூய்மை என்னும் பிற்காலப் பொருள் இச்சொல்லில் மெல்ல வந்து சேர்ந்தது. அரசன் நேசித்தது மன்றத்தில் நிகழும் நீதி.

மகிழ்ச்சியின் எண்ணெய்

"மாஷஹ்" என்னும் எபிரேய வினையின் அடிப்படைப் பொருள் பூசுதல், தடவுதல் என்பதாம். கேடயத்துக்கு எண்ணெய் பூசுவதற்கும் சுவருக்கு வண்ணம் பூசுவதற்கும் இதே வினை வரும். அரசர்க்கு எண்ணெய் பூசும் வழக்கம் இசுரயேலுக்கு மட்டும் உரியதன்று. எகிப்தின் அமர்னாவில் கிடைத்த கி.மு. 14-ஆம் நூற்றாண்டுக் களிமண் மடல்களுள் 51-ஆவதில், சிரியாவின் நுகாசே நாட்டுச் சிற்றரசன் ஒருவன், தன் பாட்டனை எகிப்து மன்னன் அரசனாக்கி அவன் தலையில் எண்ணெய் இட்டதை நினைவூட்டித் துணை வேண்டுகிறான். அங்கு எண்ணெய் ஓர் உடன்படிக்கை: இட்டவன் காக்க வேண்டும், ஏற்றவன் பணிய வேண்டும். சவுலுக்கும் தாவீதுக்கும் சாமுவேல் எண்ணெய் வார்த்தபோதும், சாலமோனுக்குக் குரு சாதோக்கு வார்த்தபோதும், எண்ணெயின் உரிமையாளர் கடவுளே என்னும் கருத்து இவ்வழக்கத்தில் ஏறியது.

ஆனால் 45-ஆம் பாடல் கூறுவது முடிசூட்டு எண்ணெய்தானா என்பது ஐயத்துக்குரியது. "ஷெமென் சாசோன்", அதாவது மகிழ்ச்சியின் எண்ணெய், என்னும் தொடர் இப்பாடலை அன்றி எசாயா நூலின் 61-ஆம் அதிகாரத்தில் மட்டுமே காணப்படுகிறது. அங்கு அது சீயோனில் புலம்புவோர்க்குத் துயரத்துக்கு மாற்றாக அளிக்கப்படுவது. துக்கம் காப்போர் எண்ணெய் பூசாதிருத்தல் அம்மக்களின் வழக்கம். தெக்கோவா ஊர்ப் பெண்ணைத் துக்கம் கொண்டாடுபவள்போல் நடிக்கச் சொன்ன யோவாபு, எண்ணெய் பூசாதே என்று அவளுக்குக் கூறினான். குழந்தை இறந்தபின் நோன்பை முடித்த தாவீது எழுந்து குளித்து எண்ணெய் பூசிக்கொண்டான். எண்ணெய் தேய்த்து நீராடுதலை மங்கலமாகவும் இழவு நாள்களில் அதனை விலக்குதலை முறைமையாகவும் கொண்ட தமிழர்க்கு இதன் நுட்பம் எளிதில் விளங்கும். எனவே பாடலில் மணக்கும் எண்ணெய் மணமகனின் எண்ணெயாகவும் இருக்கலாம். அடுத்த வசனம் வெள்ளைப்போளம், அகில், இலவங்கம் ஆகியவற்றின் மணம் வீசும் ஆடைகளைக் கூறுவதும் இதற்கு அரண் செய்கிறது. முடிசூட்டு எண்ணெயும் மணவிழா எண்ணெயும் புலவனின் ஒரே சொல்லில் கலந்து நிற்கின்றன எனலே ஏற்புடைத்து. பிற்காலத்தார் முன்னதை மட்டுமே பற்றிக்கொண்டனர்.

தமிழ் மொழிபெயர்ப்புகளில் இவ்வினை அடைந்த மாற்றம் தனி ஆய்வுக்குரியது. 1871-இல் வெளிவந்து சீர்திருத்தச் சபையாரிடையே நிலைபெற்ற மொழிபெயர்ப்பு அபிஷேகம் என்னும் சொல்லையும் ஆனந்ததைலம் என்னும் தொடரையும் ஆண்டது. அபிஷேகம் வடமொழியில் நீர் முதலியவற்றைத் தெளித்தலையும் சொரிதலையும் குறிக்கும் வேரினின்று பிறந்த சொல். கோயிலிலும் அரண்மனையிலும் வழங்கியது. 1995-இல் வெளிவந்த திருவிவிலியம் வடசொல்லை நீக்கித் திருப்பொழிவு என்றது. சொரியும் வடிவம் அங்கும் மாறவில்லை. ஆனால் கத்தோலிக்கரின் அருளடையாளப் பெயர்களில் உறுதிபூசுதல், அவஸ்தைப்பூசுதல், பிற்காலத்தில் நோயில்பூசுதல் எனப் பூசுதலே வழங்கிவந்துள்ளது. நோயாளியின் நெற்றிக்கு ஏற்ற வினை அரசனின் தலைக்கு எளியதாகத் தோன்றியது போலும். மூலத்தில் இருவர்க்கும் வினை பூசுதலே.

கிரேக்கத்தில் ஏற்பட்ட திருப்பம்

திருப்பாடல்களின் 42 முதல் 83 வரையுள்ள பகுதியில் "யாவே" என்னும் இறைப்பெயருக்கு மாற்றாக "ஏலோகிம்" என்னும் பொதுப்பெயர் மிகுந்து வருதல் அறிஞர் அறிந்ததே. அதன்படி 7-ஆம் வசனத்தில் "கடவுள், உன் கடவுள்" என இரட்டித்து வருவது, முதலில் "யாவே, உன் கடவுள்" என்றே இருந்திருத்தல் வேண்டும் என்பர். ஏட்டைப் படியெடுத்தோர் செய்த இம்மாற்றம் எவரும் எதிர்பாராத விளைவைத் தந்தது. எழுபதின்மர் மொழிபெயர்ப்பு எனப்படும் கிரேக்க வடிவில் இரு "கடவுள்" சொற்களும் எழுவாய் வடிவிலேயே நின்றன. கிரேக்கத்தில் எழுவாய் வடிவம் விளியாகவும் வருமாதலின், "கடவுளே, உம்முடைய கடவுள் உம்மைப் பூசினார்" எனவும் படிக்க இடம் உண்டாயிற்று. அவ்வாறு படிக்கின், பூசப்பட்டவரும் கடவுள், பூசியவரும் கடவுள்.

கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த எபிரேயருக்கு எழுதப்பட்ட திருமுகம், வானதூதரினும் மகன் மேலானவர் என்று நிறுவுவதற்குத் தொடுக்கும் மேற்கோள் வரிசையில் இவ்வசனத்தை இயேசு கிறிஸ்துவுக்கு உரியதாக்கியது. "கிறிஸ்து" என்னும் சொல்லின் பொருளே பூசப்பட்டவர் என்பதாகலின் இப்பொருத்தம் இயல்பாக அமைந்தது. திருமணம், தீர் நகரத்து மகள், தந்த மாளிகை ஆகிய அனைத்தும் பின்னுக்குச் சென்றன. 1871-இன் தமிழ் மொழிபெயர்ப்பு திருப்பாடலிலும் திருமுகத்திலும் விளியையே கொண்டது. ஆனால் வெறுத்தல் வினையைத் திருப்பாடலில் "வெறுக்கிறீர்" என நிகழ்காலத்திலும், திருமுகத்தில் "வெறுத்திருக்கிறீர்" என முடிவுற்ற நிலையிலும் பெயர்த்தது. எபிரேய வினை நிலைத்த இயல்பையும் உணர்த்தவல்லது. கிரேக்க வினையோ நிகழ்ந்து முடிந்த செயலைக் காட்டுவது. மொழிபெயர்ப்பாளரின் நுண்ணிய கவனத்துக்கு இது சான்று. அவ்வேறுபாட்டின் மீதே நான்காம் நூற்றாண்டில் பெரும்பூசல் மூண்டது.

யூத உரைமரபு வேறு வழிகளில் சென்றது. திருப்பாடல்களின் அரமேய மொழிபெயர்ப்பான தர்கூம் இப்பாடலின் தலைவனை மெசியா அரசன் என விளித்தது. 11-ஆம் நூற்றாண்டில் பிரான்சு நாட்டுத் துருவா நகரில் வாழ்ந்த ராசியோ பாடலைத் திருச்சட்டம் கற்ற அறிஞர்களைப் போற்றுவதாகக் கொண்டு, பூசுதல் என்பது உயர்வளித்தலைக் குறிக்கும் வழக்கு என்று அமைதி கூறினார். நீதியை நேசிப்பவன் நூல் கற்றவன். அவனுக்குக் கிடைக்கும் மேன்மையே எண்ணெய். அரசனே இல்லாத மக்களிடையே பாடல் இவ்வாறு அரண்மனையினின்றும் கல்விக்கூடத்துக்கு வந்தது.

கைம்மாறா, இயல்பா?

"ஆதலால்" என்னும் சொல்லின் உட்பொருளை முதலில் துணிந்து விரித்தவர் அலெக்சாந்திரியாவின் ஓரிகன். மூன்றாம் நூற்றாண்டின் முற்பகுதியில் எழுதிய "முதற்பொருள்கள்" நூலில், கிறிஸ்துவின் ஆன்மா அன்பின் மிகுதியால் இறைவார்த்தையைப் பிரியாது பற்றிநின்றது என்றும், அத்தகுதியாலேயே மகிழ்ச்சியின் எண்ணெயைப் பெற்றது என்றும் அவர் விளக்கினார். மற்ற ஆன்மாக்கள் பற்றுக் குளிர்ந்து விலக, இஃது ஒன்றே விலகாது நின்றது. தோழர்களினும் மேலாக என்னும் தொடருக்கும் இதனால் பொருள் கிடைத்தது. இங்கு பூச்சு கைம்மாறாகிறது. ஆனால் ஓரிகன் கூறியது ஆன்மாவைப் பற்றி. வார்த்தையாகிய மகனைப் பற்றி அன்று.

ஆரியுஸ் வழியினர் இவ்வெல்லையைக் கடந்தனர். நீதியை நேசித்ததால் பூசப்பட்டார் எனின், பூசப்படுவதற்கு முன் அவர் அந்நிலையில் இல்லை. நேசிக்கவும் நேசியாதிருக்கவும் கூடிய விருப்புரிமை அவருக்கு இருந்தது. எனவே அவர் மாறக்கூடிய இயல்பினர், படைக்கப்பட்டவர் என்பது அவர்தம் வாதம். பிலிப்பியர் திருமுகத்தின் இரண்டாம் அதிகாரத்தில், தாழ்மையின் காரணமாகக் கடவுள் அவரை உயர்த்தினார் என வரும் இடத்திலும் "ஆதலால்" என்னும் பொருளுடைய சொல் நிற்றலை இதற்கு இணையாகக் காட்டினர். இவ்வாதத்தின் வலிமையைக் குறைத்து மதிப்பிடலாகாது. வசனத்தை அதன் இலக்கணப்படி படிப்பவர்க்கு முதலில் தோன்றும் பொருள் ஆரியுஸ் வழியினர் கண்ட பொருளேயாகும். 325-இல் நீசேயாவில் கூடிய சங்கம் அக்கொள்கையைக் கண்டித்தபின்னும் இத்தகைய வசனங்களே அதற்கு உயிரூட்டி வந்தன.

அத்தனாசியார் ஆரியுஸ் வழியினர்க்கு எதிராக எழுதிய முதல் உரையில் இவ்வசனத்துக்கெனப் பல அதிகாரங்களை ஒதுக்கினார். அவர் முதலில் சுட்டுவது பாடலின் வரிசைமுறையை. என்றுமுள்ள அரியணை 6-ஆம் வசனத்தில் கூறப்பட்ட பின்னரே 7-இல் பூச்சு வருகிறது; ஏற்கெனவே அரசராயிருப்பவர் அரசராவதற்காகப் பூசப்படுவதில்லை. அவர் மனிதராய் இருத்தல் பற்றி, மனிதர்பொருட்டுப் பூசப்பட்டார். தோழர்கள் என்போர் அவர்வழித் தூய ஆவியில் பங்கு பெறுவோர். பின்னர் "ஆதலால்" என்னும் சொல்லுக்கு வருகிறார். மனிதர் நேசிப்பதும் வெறுப்பதும் இன்று ஒரு பக்கமும் நாளை மறுபக்கமும் சாய்வன. ஆதாம் மாறினான், அம்மாற்றத்தால் பாவம் புகுந்தது. எனவே மாறாதவர் ஒருவர் தேவைப்பட்டார். நீதியை இயல்பாகவே நேசிப்பவர் ஆதலால் அவரே அனுப்பப்பட்டார், அவரே பூசப்பட்டார் என்று அவர் முடிக்கிறார். காரணத்தை அவர் நீக்கவில்லை. அதனைச் செயலிலிருந்து இயல்புக்கு மாற்றினார்.

அத்தனாசியாரின் விளக்கமே திருச்சபையில் வென்றது. ஆயினும் வெற்றிக்கு ஒரு விலை உண்டு. நீதி செயலாக இருந்தபோது அதனை எவரிடமும் எதிர்பார்க்கலாம். இறைமகனின் மாறா இயல்பாகிவிட்ட பின் அது மண்ணுலக அரசனை அளக்கும் கோலாக இருப்பது கடினம். அவ்வியல்பினரின் பெயரால் பூசப்படும் அரசனுக்கு எண்ணெய் வந்துசேரும். நீதி வந்துசேருமா என்பது வேறு செய்தி.

ஹிப்போவின் அகுஸ்தீனார் இலத்தீன் வாசகத்தின் இடர்ப்பாட்டைத் தம் விளக்கவுரையில் குறித்தார். இலத்தீனில் இரு "தேயுஸ்" சொற்களும் ஒன்றன் மடக்காகத் தோன்றக்கூடும். கிரேக்கத்தை நோக்குவோர்க்கே ஒன்று விளி என்பது தெளியும் என்றார். எபிரேய ஏட்டின் வரலாறு வேறொன்றைக் கூறுகிறது என்பது மேலே காட்டப்பட்டது.

அரசர் தலையில் எண்ணெய்

ஐரோப்பாவில் அரசர்க்கு எண்ணெய் பூசும் வழக்கம் கிறித்தவத்தோடு உடன் வந்ததன்று. தெளிவான பழைய சான்று 672-இல் தொலேதோ நகரில் விசிகோத்து அரசன் வம்பா பூசப்பட்டதாகும். 751-இல் பிராங்கியர் அரசன் மூன்றாம் கில்தெரிக்கை நீக்கிவிட்டு அரசேறிய பெபின் எண்ணெய்ப்பூச்சை நாடினான். 754-இல் திருத்தந்தை இரண்டாம் ஸ்தேவானால் மீண்டும் பூசப்பட்டான். குருதியுரிமை இல்லாதவனுக்கு எண்ணெய் உரிமை தந்தது. 869-இல் மெத்சு நகரில் வழுக்கையர் சார்லசை முடிசூட்டிய ரேம்சுப் பேராயர் இங்மார், அவ்வெண்ணெய் குளோவிசுக்கென விண்ணினின்று வந்தது என்று கூறினார்.

இவ்விழாக்களின் வழிபாட்டு மொழியில் 45-ஆம் பாடலின் வசனம் இடம்பெற்ற வகையே இங்கு முதன்மையாக நோக்கத்தக்கது. இடைக்கால முடிசூட்டு மன்றாட்டு ஒன்று, தந்தையால் மகிழ்ச்சியின் எண்ணெய் கொண்டு தோழரினும் மேலாகப் பூசப்பட்ட இயேசு கிறிஸ்து இவ்வெண்ணெயின் வழியாக அரசன்மீது தூய ஆவியின் ஆசியைப் பொழிவாராக என வேண்டுகிறது. வசனத்தின் பிற்பாதி முழுவதும் அதில் உள்ளது. நீதியை நேசித்தலும் தீமையை வெறுத்தலும் "ஆதலால்" என்னும் சொல்லும் இல்லை.

ஆயினும் விடுபட்டது முற்றிலும் மறையவில்லை. அது சொல்லிலிருந்து சடங்கின் வரிசைக்கு இடம்பெயர்ந்தது. இங்கிலாந்தின் பழைய முடிசூட்டு முறையில், திருச்சபைக்கும் மக்களுக்கும் அமைதி, கொள்ளையையும் அநீதியையும் தடுத்தல், தீர்ப்பில் நேர்மையும் இரக்கமும் என்னும் மூன்றும் பூசப்பட்ட அரசன் விழாவின் இறுதியில் விடுக்கும் கட்டளைகளாக இருந்தன. 973-இல் பாத் நகரில் தன்ஸ்தன் பேராயர் எட்கார் அரசனைப் பூசியபோது, அம்மூன்றும் பூச்சுக்கு முன்னர் அரசன் அளிக்கும் வாக்குறுதிகளாக மாறியிருந்தன. முன்னர், பூசப்பட்டமையால் அரசன் நீதி செய்யக் கட்டளையிட்டான். இப்போது, நீதி செய்வதாக வாக்களித்ததனால் பூசப்பட்டான். அவைப்புலவனின் "ஆதலால்" ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகளுக்குப் பின்னர் அவன் அறியாத தீவொன்றில், சொல்லாக அன்றிச் சடங்கின் முறைவைப்பாக மீண்டது எனலாம்.

திருத்தந்தையர் வேறொரு வழியையும் நாடினர். 1204-இல் மூன்றாம் இன்னொசென்ட் பல்கேரியப் பேராயருக்கு எழுதிய மடலில், ஆயரைத் தலையில் நறுமணத் தைலத்தாலும், அரசரைத் தோள் அல்லது கையில் எளிய எண்ணெயாலும் பூசுமாறு வேறுபடுத்தினார். பிரான்சு, இங்கிலாந்து அரசர்கள் இதற்கு இணங்காமல் தலையிலேயே பூச்சைப் பெற்றுவந்தனர். 1953-இல் இரண்டாம் எலிசபெத்துக்கும், 2023 மே 6-இல் மூன்றாம் சார்லசுக்கும் நடந்த முடிசூட்டில் ஆணைமொழிக்குப் பின்னரே பூச்சு நிகழ்ந்தது. தோழரினும் மேலாகப் பூசப்பட்ட கிறிஸ்துவைக் கூறும் அம்மன்றாட்டும் சொல்லப்பட்டது. 2023-இன் எண்ணெய் எருசலேமின் ஒலிவ மலையில் விளைந்த காய்களினின்று எடுக்கப்பட்டது. பாடல் பிறந்த நிலத்தின் எண்ணெய் சென்றுசேர்ந்தது. பாடலின் முற்பாதி மன்றாட்டில் சேரவில்லை.

சலேர்னோ, 1085

முடிசூட்டு மன்றாட்டு வசனத்தின் பிற்பாதியை மட்டும் கொண்டது போலவே, முற்பாதியை மட்டும் கொண்டு பிற்பாதியை மாற்றியமைத்த நிகழ்ச்சி ஒன்றும் வரலாற்றில் உண்டு. அது செருமானிய அரசன் நான்காம் ஹென்றிக்கும் திருத்தந்தை ஏழாம் கிரகோரிக்கும் இடையே எழுந்த பூசலின் முடிவில் நிகழ்ந்தது.

ஆயர்களை அமர்த்தும் உரிமை பற்றி மூண்ட அப்பூசலில், 1076 சனவரியில் வோர்ம்ஸ் நகரில் கூடிய ஆயர்கள் துணையோடு ஹென்றி திருத்தந்தையைப் பதவி விலகச் சொன்னான். அவன் பெயரால் எழுதப்பட்டுப் பரவிய மடலில், தகுதியற்றவனாயினும் பூசப்பட்டோருள் ஒருவனாக அரசுக்குப் பூசப்பெற்ற தன்மேல் கிரகோரி கைவைத்துவிட்டார் என்றும், விசுவாசத்தினின்று பிறழ்ந்தாலன்றித் தன்னைத் தீர்ப்பிட வல்லவர் கடவுள் ஒருவரே என்றும் கூறப்பட்டது. "தகுதியற்றவனாயினும்" என்பது அக்கால மடல்களில் வழங்கிய பணிவுமொழிதான். ஆனால் இங்கு அது வாதத்தின் அச்சாணியாகவும் அமைந்துவிட்டது: தகுதி இருப்பினும் இல்லாவிடினும் எண்ணெய் காக்கும் என்பதே அதன் உட்கிடை. கிரகோரி அவ்வாண்டுத் தவக்காலச் சங்கத்தில் ஹென்றியை ஆட்சியினின்றும் நீக்கிச் சபைவிலக்கம் செய்தார். 1077 சனவரியில் கனோசாக் கோட்டை வாயிலில் பனியில் நின்று அரசன் மன்னிப்புப் பெற்றதும், 1080-இல் மீண்டும் விலக்கப்பட்டதும் பரவலாக அறியப்பட்டவை.

1081 மார்ச்சில் மெத்சு நகர ஆயர் எர்மனுக்கு எழுதிய நீண்ட மடலில் கிரகோரி தம் நிலைப்பாட்டை வெளிப்படுத்தினார். அரசர் குலத்தின் தோற்றம் கடவுளை அறியாதோரின் செருக்கிலும் கொள்ளையிலும் வஞ்சகத்திலும் உள்ளது. பேயோட்டும் சிறுபணியாளனுக்கும் அரசனைவிட மேலான அதிகாரம் உண்டு என்பன அதன் கருத்துகள். எண்ணெயின் மேல் நின்ற அரசனுக்கு எதிரே அவர் நீதியின் மேல் நின்றார். "நீதி" என்பது அவர் மடல்களில் மீண்டும் மீண்டும் வரும் சொல். அந்நீதி திருச்சபையின் உரிமையோடு பிரிக்கவியலாதவாறு கலந்திருந்தது என்பதையும் மறைத்தலாகாது. எளியவர்க்குத் தீர்ப்பு வழங்கும் எபிரேய "செதெக்" அதில் சிறுபகுதியாகவே எஞ்சியிருந்தது.

1084 மார்ச்சில் ஹென்றி உரோமை நகருக்குள் புகுந்தான். தான் நிறுத்திய எதிர்த்திருத்தந்தையிடம் உயிர்ப்பு ஞாயிறன்று பேரரசனாக முடிசூடிப் பூச்சும் பெற்றான். அப்போது கிரகோரி சற்றுத் தொலைவில் சான்தாஞ்சலோ கோட்டைக்குள் அடைபட்டிருந்தார். அவரை மீட்க வந்த நார்மானியத் தலைவன் இராபர்ட் கிஸ்கார்டின் படை நகரைக் கொள்ளையிட்டது. மக்களின் சினத்துக்கு ஆளான திருத்தந்தை அப்படையோடு தெற்கே சென்றார். 1085 மே 25-இல் சலேர்னோவில் அவர் உயிர் பிரிந்தது.

இறுதியில் அவர் கூறியதாக வழங்கும் மொழி 45-ஆம் பாடலின் வசனத்தையே தன்மைக்கு மாற்றியது. தாம் நீதியை நேசித்ததாகவும் தீமையை வெறுத்ததாகவும் தொடங்கியவர், "ஆதலால்" என்னும் அதே இலத்தீன் சொல்லுக்குப் பின், எண்ணெய்க்கு மாறாக, நாடு கடந்து சாகிறேன் என்று முடித்தார். சூழ்ந்திருந்த குருக்கள் அனைவரும் அவ்வசனத்தை மனப்பாடமாக அறிந்தவர்கள். அடுத்து வரவேண்டிய சொற்கள் வராத இடைவெளியை அவர்கள் உணர்ந்திருப்பர்.

இம்மொழியை மனக்கசப்பின் வெளிப்பாடு என்றே நெடுங்காலம் கொண்டனர். 20-ஆம் நூற்றாண்டில் வேறொரு விளக்கம் வலுப்பெற்றது. நீதியினிமித்தம் துன்புறுத்தப்படுவோர் பேறுபெற்றோர் என்னும் மலைப்பொழிவுக் கருத்தோடு இதனை இணைத்தால், நாடுகடத்தலே அவர் பெற்ற பூச்சு என்றாகும். அப்போது இது முறையீடு ஆகாது, நம்பிக்கை அறிக்கையாகும். இரண்டாவது விளக்கம் கிரகோரியின் மடல்களில் காணும் மனநிலைக்கு ஒத்ததேயாயினும், சொற்களின் அமைப்பு கசப்பை முற்றாக விலக்க இடந்தரவில்லை. கேட்போர் எதிர்பார்த்த எண்ணெயைச் சொல்லாமல் விட்டவர் அதன் இன்மையை உணர்த்தவே விட்டார். பேறு அவ்வின்மைக்குள் இருந்திருக்கலாம். இவ்வசனத்துக்காக வாதிட்ட அத்தனாசியாரும் ஐந்து முறை தம் நகரினின்று வெளியேற்றப்பட்டவர் என்பது இங்கு நினைவுகூரத்தக்கது.

1128-இல் கிரகோரியின் வரலாற்றை எழுதிய பெர்ன்ரீட் பவுல், அருகிருந்த ஆயர் ஒருவரின் மறுமொழியையும் பதிவு செய்தார். கிறிஸ்துவின் பதிலாளாகிய நீர் நாடு கடந்து சாதல் இயலாது. மக்களினங்களை உரிமைச் சொத்தாகவும் மண்ணுலகின் எல்லைகளை உடைமையாகவும் பெற்றவர் நீர் என்பது அதன் சாரம். அது 2-ஆம் திருப்பாடலின் கருத்து. அதுவும் பூசப்பட்ட அரசன் ஒருவனைப் பாடிய பாடலே. பூசப்பட்ட அரசனோடு வாழ்நாளெல்லாம் பொருதவரின் படுக்கையருகே, அரசர்க்குரிய இரு பாடல்கள் ஒன்றுக்கொன்று விடையாக ஒலித்தன.

எண்ணெய்ப்பூச்சைத் தன் அரணாகக் காட்டிய ஹென்றி, 1105-இன் இறுதியில் தன் மகனாலேயே அரசு துறக்கச் செய்யப்பட்டு, 1106 ஆகத்து 7-இல் லியேழ் நகரில் சபைவிலக்கம் நீங்காமலே இறந்தான். ஸ்பெயர் பேராலயத்தையொட்டி அன்னும் நேர்ந்தளிக்கப்படாதிருந்த சிற்றாலயம் ஒன்றில் அவன் உடல் அடக்கச் சடங்கின்றி வைக்கப்பட்டு, 1111-இல்தான் முன்னோர் கல்லறையைச் சேர்ந்தது.